இரண்டரை வயதுக் குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால் எப்படிச் சமாளிப்பது?

நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டரை வயது மகன் திடீரென்று கத்த ஆரம்பிக்கிறான், தூக்கினாலும் அடங்குவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அந்த வயதைத் தாண்டித்தான் வந்தாள். இன்னும் முழுதாகத் தாண்டிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் இரவு, சூடு ஆறட்டும் என்று தோசையை நான்காகப் பிய்த்துத் தட்டில் வைத்தேன். பார்த்தாள். உதடு பிதுங்கியது. "ஒட்டிக் கொடு!" என்று ஒரே அலறல். புதிதாக ஒன்று வார்த்துக் கொடுத்தால் வேண்டாம். அதே தோசைதான் வேண்டும், முழுசாக வேண்டும். நானும் மெனக்கெட்டு நான்கு துண்டுகளையும் வட்டமாக அடுக்கிக் காட்டினேன். தட்டு பறந்தது. மல்லாந்து படுத்துக் குதிகாலால் தரையை உதைத்துக்கொண்டு கத்தினாள். கண்பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியில் நாங்கள் எல்லோரும் இருமினோம். அவளும் இருமினாள், ஆனால் இருமிக்கொண்டே கத்தினாள்.

அன்று நான் செய்த தவறு, விடாமல் பேசியதுதான். "என்னம்மா வேண்டும், வேறு தரட்டுமா, பூனை பார்க்கலாமா?" என்று கேட்கக் கேட்கக் குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை. அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல் என்ற ஆய்வாளர், பெற்றோர் எழுதித் தந்த விவரங்களை வைத்துக் குழந்தைகளின் அடத்தை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் வேகமாக வடிந்துவிடுகிறது, துக்கம் மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரிந்த ஒரு விஷயம். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அதைப் படித்த பிறகுதான் என் வாயை மூடக் கற்றேன்.

இப்போது செய்வது இதுதான். தலையில் இடிக்கக்கூடியதை நகர்த்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பேச மாட்டேன். கேட்டதைக் கொடுக்கவும் மாட்டேன். அலறல் கொஞ்சம் கொஞ்சமாக விசும்பலாக மாறும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். அப்போது கையை நீட்டினால் மடிக்கு வந்துவிடுவாள். ஒரு வாய் தண்ணீர், பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "தோசை பிய்ந்துவிட்டது, உனக்குக் கோபம் வந்துவிட்டது." அறிவுரை எல்லாம் மறுநாளைக்கு. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ இது நடந்தால் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தலையாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

இரண்டு வாரம் தினசரிக் காலண்டர் தாளில் நேரத்தைக் குறித்துவைத்தேன். முக்கால்வாசி மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், அதுவும் பகல் தூக்கம் தவறிய நாட்களில். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு மாற்றியதில் பாதி குறைந்தது.

ஆனால் எல்லாக் கத்தலும் அடம் இல்லை. இதை நான் கற்ற விதம் எனக்குப் பெருமையானது அல்ல. சளி பிடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. பகலில் ஓடியாடுவாள். இரவு படுக்க வைத்தால் அலறல், தூக்கி நிறுத்தினால் குறையும். தூக்கிப் பழக்கிவிட்டோம் என்றார்கள். இரண்டாம் நாள் இரவு பொறுமை போய்த் தொடையில் ஓர் அடி கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் குழந்தை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை சிவந்து புடைத்திருந்தது. படுத்தால் அழுத்தம் கூடி வலியும் கூடும் என்றார். எந்த வலிக்கும் அவளிடம் இருந்த ஒரே சொல் "வயிறு". நாங்கள் இரண்டு இரவும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், காது, மலச்சிக்கல், கால் விரலில் முடி சுற்றி இறுகியிருக்கிறதா என்பது வரை. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளினால், அது தூக்கத்தின் நடுவே வரும் மிரட்சி. எழுப்பாதீர்கள், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், காலையில் அவனுக்கு நினைவே இருக்காது. அழுதழுது மூச்சு நின்று நீலம் பாய்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு, இடையில் துவண்டுபோய், வாந்தியோ மலத்தில் ரத்தமோ கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம்.

உங்கள் கை ஓங்கத் தொடங்கினால் குழந்தையை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவுங்கள். யாரும் இல்லையென்றால் பத்திரமாகத் தரையில் விட்டு, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள்.

இப்போதெல்லாம் தோசையை அவளே பிய்த்துக்கொள்கிறாள். நேற்று, வாழைப்பழத்தை நான் உரித்துவிட்டேன் என்று ஏழு நிமிடம்.