ஒற்றை என்ஜின் விமானத்தில் கோளாறு: ஒரு கேள்வி பதில்

பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலைச் சுற்றி வாழும் தமிழ் நண்பர்கள் சிலர், பயிற்சியில் இருப்பவர்களும் சேரவிருப்பவர்களுமாக, அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

புறப்பட்டவுடன் என்ஜின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பக் கூடாது என்கிறார்களே, ஏன் ஐயா? (ஹெப்பாள்)

180 டிகிரி திரும்பினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் திருப்பம் முடியும்போது விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் விலகியிருக்கும் என்பதால், 200 டிகிரிக்கு மேல் திருப்பிவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டியிருக்கும். 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கைகள் தாங்குவிசையை இழக்கும் வேகம், ஏறத்தாழ 19 சதவீதம் கூடிவிடும். உயரம் கரைவதைக் கண்டு பதறும் விமானி மூக்கைத் தூக்குவார்; அந்த இடத்தில்தான் விமானம் ஸ்டாலாகி ஒரு பக்கமாகக் கவிழும். நேர் எதிரிலோ சற்று இடம் வலமாகவோ கிடைக்கும் வெளியில், வேகம் குறைந்து, கட்டுப்பாட்டுடன் இறங்குபவர் விமானத்தைச் சேதப்படுத்திக்கொண்டாலும் பெரும்பாலும் உயிர் பிழைப்பார். எந்த உயரத்துக்குக் கீழே திரும்பவே மாட்டேன் என்பதைப் பயிற்றுநரோடு பாதுகாப்பான உயரத்தில் சோதித்து முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஜக்கூரில் கடல்மட்டக் கணக்கில் வைத்த உயரமானி தரையிலேயே ஏறத்தாழ 3,000 அடி காட்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முழுதாக நிற்காமல் பாதி சக்தியோடு ஓடினால் ஓரளவு நிம்மதிதானே? (கம்மனஹள்ளி)

அந்த நிம்மதிதான் ஆபத்து. நின்ற என்ஜின் விமானிக்கு வேறு வழி வைப்பதில்லை. இருமிக்கொண்டே ஓடும் என்ஜின் அவருக்கு ஆசை காட்டுகிறது. இன்னும் கொஞ்சம் ஏறலாம், தெரிந்த திடலுக்கே போய்விடலாம் என்று கைக்கெட்டும் நல்ல வயல்களைத் தாண்டிச் சென்று, குடியிருப்புகளுக்கு மேலே மிச்ச சக்தியையும் இழப்பவர்கள் உண்டு. எனவே அது அடுத்த நிமிடமே நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள். சக்தி மிச்சமிருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக ஒரு வயலில் இறங்குவதைக் கோழைத்தனம் என்று பேசுபவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

பெங்களூரில் பனியே பெய்வதில்லை. கார்புரேட்டரில் எப்படி ஐயா பனிக்கட்டி உறையும்? (ஜாலஹள்ளி)

வெளிக்காற்று 20 டிகிரி இருந்தாலும் உறையும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றின் அழுத்தம் குறைவதாலும், பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதாலும் உள்ளே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே நம் ஊர் மழைக்காலத்து ஈரக் காற்றில், த்ராட்டிலால் என்ஜின் சக்தியைக் குறைத்து இறங்கும்போது, இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். இதழ்களின் கோணம் மாறாத புரொப்பல்லர் உள்ள விமானத்தில் முதல் அறிகுறி ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி எண்ணிக்கை) மெல்லக் குறைவதுதான். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழான கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தவுடன் அது மேலும் குறைந்து, உருகிய நீரை விழுங்கிய என்ஜின் குலுங்கத் தொடங்கும். தாம்தான் கெடுத்துவிட்டோம் என்று பயந்து பலர் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தள்ளாமல் பொறுத்திருந்தால் பனி கரைந்து ஆர்பிஎம் ஏறும். செஸ்னா 172இன் புதிய வகைகளில் எரிபொருள் நேராகப் பீய்ச்சப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை.

செஸ்னா 172 என்ஜின் இல்லாமல் எவ்வளவு தூரம் வரும்? (உல்சூர்)

காற்று வீசாத நிலையில், 65 நாட் (மணிக்கு ஏறத்தாழ 120 கி.மீ.) அளவில் வேகத்தைப் பிடித்திருந்தால், 1,000 அடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முதலில் சொல்லிவிட வேண்டாமா? (அல்சூர் கேட் அருகிலிருந்து ஒரு மாணவி)

வேண்டாம் அம்மா. முதலில் கிளைடு வேகம் (என்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம்), அடுத்து இறங்கும் இடம். உயரம் மிச்சமிருந்தால் எரிபொருள் டேங்க் மாற்றி, மிக்ஸ்சர் (எரிபொருள், காற்றுக் கலவை), கார்புரேட்டர் ஹீட், மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். அதன் பிறகே மூன்று முறை மேடே என்ற அபாய அழைப்பைச் சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 வையுங்கள். தரைக்கு அருகில் நின்ற என்ஜினென்றால் பேச்சே வேண்டாம். இரு கைக்கும் வேறு வேலை இருக்கும்.