நாய்க்கு இருமல், சளி: கேள்வி பதில் (கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு)

மண்டபம்: சார், எலும்பு சிக்கியது மாதிரி வறட்டு இருமல், முடிவில் வெள்ளை நுரை. வாய்க்குள் கை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சாப்பாடு எப்போதும் போலத்தான்.

பதில்: இனி கையை விடாதீர்கள். வெறிநோய் வந்த நாய்க்கும் தொண்டை செயலிழந்து எலும்பு சிக்கியது போலவே தெரியும். வெறிநோய் ஊசி போடாத நாய் என்றால் கையை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பிடுகிறது என்கிறீர்கள், பெரும்பாலும் இது கென்னல் காஃப் என்ற தொற்று இருமல். பார்டடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃபுளுயன்சா போன்ற வைரஸ்கள் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். இன்னொரு நாயிடமிருந்து ஒட்டி, 2 முதல் 14 நாளுக்குள் இருமல் தொடங்கும். கழுத்துப்பட்டையை இழுத்தாலே கிளம்பும், நெஞ்சுப்பட்டை மாட்டுங்கள். ஓடவிடாதீர்கள், பக்கத்துத் தெரு நாயோடு சேர்க்காதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அடங்கிவிடும். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தாலோ டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

திருப்புல்லாணி: மூக்கு காய்ந்திருக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இபுபுரூஃபனும் கூடாது. மூக்கின் ஈரம் காய்ச்சலைச் சொல்லாது, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர்தான் சொல்லும். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு.

தங்கச்சிமடம்: மூன்று மாதக் குட்டி. மூக்கில் மஞ்சள் சளி, கண்ணில் பீளை, வயிற்றுப்போக்கு. ஊசி எதுவும் போடவில்லை.

பதில்: இன்றே டாக்டரிடம் கிளம்புங்கள். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆனால் டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம். பாதம் தடிப்பதும் இந்த நோயின் அடையாளம்தான். தாடை துடித்தால் நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். 6 முதல் 8 வாரத்திலேயே தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும்.

கீழக்கரை: அண்ணே, சின்ன வெங்காயச் சாறு கொடுங்க. எங்க அப்பத்தா அப்படித்தான் நாய் வளர்த்தாங்க.

பதில்: வேண்டாம் தம்பி. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்.

கீழக்கரை: மீன்குழம்புச் சோறு தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?

பதில்: குழம்பில் கரைந்த நாலு வெங்காயம் வேறு, இடித்துப் பிழிந்த சாறு வேறு. குழம்பும் நல்லதில்லை. வெறும் மீனை முள் எடுத்து வேகவைத்துப் போடுங்கள்.

தேவிபட்டினம்: அப்பத்தா சொன்னது தப்புன்னா சித்த வைத்தியமே தப்பா?

பதில்: மனுஷனுக்கு ஆவதெல்லாம் நாய்க்கு ஆகாது. நான் தப்பு என்றது வெங்காயத்தை மட்டும்தான்.

சாயல்குடி: கரிமூட்டம் போடும் நாளில் மட்டும் இருமுகிறது. வயது எட்டு.

பதில்: சீமைக்கருவேலப் புகைதான். மூட்டம் போடும் நாளில் புகை வராத இடத்தில் கட்டுங்கள். புகை இல்லாத ராத்திரியிலும் இருமினால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடி: மூக்கில் ரத்தம் வருகிறது.

பதில்: இது சளி இல்லை. உண்ணி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தம் எடுத்துத் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள்.

தொண்டி: அரை பாராசிட்டமால் மட்டும்?

பதில்: அரையும் கூடாது. திருப்புல்லாணிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கீழக்கரை: சாறை விட்டுட்டேன் அண்ணே. தேன்?

பதில்: வளர்ந்த நாய் என்றால் ஒரு சின்னக் கரண்டி. குட்டிக்கு வேண்டாம்.