நேரியல் சமன்பாட்டின் வரைபடத்தை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அட்டவணை போடுகிறான், புள்ளி வைக்கிறான், கோடும் இழுத்துவிடுகிறான், ஆனால் "இந்தக் கோடு என்ன சொல்லுது?" என்று கேட்டால் முழிக்கிறான் என்கிறீர்கள். டியூஷனில் அப்படிப் பழக்கியிருப்பார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும்.

நான் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறேன். பன்னிரண்டாவதில் கணக்கு எடுத்துப் படித்தவன். ஆட்டோக்காரனுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று கமெண்ட் போட வருபவர்கள் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

என் பொண்ணுக்கு மீட்டரை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. தூரம் எக்ஸ், கட்டணம் ஒய். 1.8ஐத் தாண்டிவிட்டால் ஒய் = 25 + 12(எக்ஸ் − 1.8). சுருக்கினால் ஒய் = 12எக்ஸ் + 3.40. இரண்டு கிலோமீட்டருக்கு 27.40, ஐந்துக்கு 63.40, பத்துக்கு 123.40. கோடு போட இரண்டு புள்ளி போதும், மூன்றாவது சரிபார்க்க. ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் 12 ரூபாய் ஏறுகிறதே, அதுதான் சாய்வு.

கோட்டைப் பின்னால் நீட்டினாள். ஒய் அச்சை 3.40இல் வெட்டியது. "வண்டியில ஏறாமலே மூணு ரூபா நாப்பது காசாப்பா?" என்றாள். நல்ல கேள்வி. அந்தத் துண்டு நிஜத்தில் கிடையாது, அங்கே ஆட்சி செய்வது ஒய் = 25 என்ற படுக்கைக் கோடு. எக்ஸ் இல்லாத சமன்பாட்டைக் கண்டு பிள்ளைகள் மிரள்வதே இங்கேதான். அரை கிலோமீட்டர் போனாலும் ஒன்றரை போனாலும் 25தான், தூரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. செங்குத்துக் கோட்டுக்கும் உதாரணம் உண்டு: சிக்னலில் தூரம் நகராது, காத்திருப்புக் கட்டணம் மட்டும் ஏறும்.

மீட்டர் விட்டுவிட்டுத்தான் தாவும், கோடு மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறாது என்று யாராவது வருவீர்கள். தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு இது போதும்.

"முதல்ல மீட்டர் போடுங்கப்பா" என்றும் வருவீர்கள். அந்த 25ஐயும் 12ஐயும் வைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டச் சொன்னார்கள். அதற்குள் வண்டிக்குப் போடும் கேஸ், எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம் எதன் கோடு படுத்துக் கிடந்தது? பேரம் பேசுகிறவனை மட்டும் திட்டுவது சுலபம். சரி, அதை விடுங்கள்.

அந்த 2013 கட்டணத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அதே தாளில் இரவுக் கோட்டையும் வரையச் சொல்லுங்கள். சாய்வு 18, வெட்டுவது 5.10இல். இரண்டு கோடுகளையும் பின்னால் நீட்டினால் எங்கே சந்திக்கும் என்று கேளுங்கள். எக்ஸ் அச்சில், பூஜ்யத்துக்கு இடப்பக்கம். ஏன் அங்கே என்று அவனே சொல்லிவிட்டால் வரைபடத்தைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.