இரண்டு சாவிகள்

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கம். காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். என் அப்பா மூன்று பெரிய வீடுகளுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அப்பா அந்த வீடுகளைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சுவர்க் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பார். சின்ன வயதில் அவருடன் போய்ப் போய் எனக்கு அந்தக் கடிகாரங்கள் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. பழுது பார்க்க நானாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடங்களாக அதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறேன். 3,800 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் பெரிது. தெரிந்தவர்களுக்குக் கடிகாரம் சரிசெய்து கொடுத்தாலும் கூலி வாங்குவதில்லை. ஆர்வத்துக்குச் செய்வதற்குக் காசு எதற்கு என்று விட்டுவிடுகிறேன். ஒரு முறை, ‘இந்தக் கடிகாரத்தின் இன்றைய விலை தெரியுமா?’ என்று 50 வினாடிக்கு ஒன்று போட்டேன். 2 லட்சம் பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் தேடி வந்தார். பெரிய வீடுகளுக்குள் இருக்கும் பொருள்களைக் காட்டி, விலை சொல்லி, வாரம் இரண்டு வீடியோ போட்டால் மாதம் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கடை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிக்கிறேன். என் மனைவி, ‘ஒன்று இதில் காசு வர வேண்டும், இல்லாவிட்டால் இரவில் தூங்கவாவது வேண்டும்’ என்கிறாள். ஆர்வத்தைப் பார்ப்பதா, வருமானத்தைப் பார்ப்பதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த வீடியோக்களில் நான்கைப் பார்த்தேன். ஒன்றை மட்டும் மறுபடியும் பார்த்தேன். பழுது பார்த்து முடித்த கடிகாரத்தை ஆணியில் மாட்டி, ஊசலைத் தட்டிவிடுகிறீர்கள். சத்தம் நொண்டுகிறது; ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் இடது புறம் ஒரு நூல் அளவு தள்ளுகிறீர்கள், காதைக் கொடுத்துக் கேட்கிறீர்கள், மறுபடி தள்ளுகிறீர்கள். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் இதுதான் நடக்கிறது. அடி இரண்டும் சமமாக விழுந்ததும் உங்கள் தோள் இறங்குவது திரையிலேயே தெரிகிறது. என் தோளும் இறங்கியது. சாய்ந்து மாட்டிய கடிகாரம் ஏன் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது என்பது இத்தனை வயதுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் உங்கள் கையில் இருப்பது நல்ல வித்தை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விதான் கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. ஆர்வமா, வருமானமா என்று கேட்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் கண்டது வேறு. கடிகாரம் சரிசெய்த கைக்குக் கூலி வாங்க நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோவதற்கு மாதம் 15,000 வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு சாவிகள் இருக்கின்றன, தம்பி. ஒன்று கடிகாரத்துக்குக் கொடுக்கிற சாவி. அது நீங்கள் உழைத்துக் கற்றது. அதைக்கொண்டு சம்பாதிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்றது வீட்டைத் திறக்கிற சாவி. அது உங்கள் அப்பாவை நம்பி ஒருவர் ஒப்படைத்தது. வியாபாரி காசு கொடுக்க வருவது இரண்டாவது சாவிக்கு.

இந்தச் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை பங்கு, எத்தனை புள்ளி (கல்யாணமான குடும்பங்களின் கணக்கு) என்று எண்ணி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு பங்காளி சம்மதம் சொன்னால் மற்றவர்கள் சொன்னதாக ஆகாது. வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. ஒரு திருமணம், முன்னோருக்கு ஒரு படைப்பு என்றால்தான் விளக்கெரியும். அந்த வீட்டில் எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது, என்ன விலை பெறும் என்று ஊருக்கே படம் போட்டுக் காட்டினால், நாளை அங்கே ஒரு செம்பு காணாமல் போனாலும் முதலில் யாரைக் கேட்பார்கள்? உங்கள் அப்பாவைத்தான். முப்பது வருடம் சம்பாதித்த பெயர் ஒரு வாரத்தில் போய்விடும். இப்படிப் பெயர் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுள்ள கலைப் பொருள்களும் கைவினைப் பொருள்களும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடியவை. தொல்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன நம் முன்னோர் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்த பொருள்களில் எத்தனையோ இப்போது நூறு வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. வந்தவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இன்னொன்று: காசு வாங்கிக்கொண்டு ஒருவரின் வியாபாரத்துக்காகப் பேசினால், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ‘இது கட்டண விளம்பரம்’ என்று நீங்கள் சொன்ன பிறகும் அவர் 15,000 தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, அது வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

இனி, காசு விஷயம். காசு வேண்டாம் என்று உங்களுக்குப் போதிக்க நான் வரவில்லை. உங்கள் மனைவி சொன்னது மிகச் சரி. அதைச் சொன்னதற்காக அவர் மேல் கோபப்படாதீர்கள்.

நான் நடுவீட்டுக் கோலம் போடுவேன். பச்சரிசியை ஊறவைத்து மழமழவென்று அரைத்து, துணியை நனைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, மோதிர விரல் வழியே மாவை இழையாக இறக்க வேண்டும். என் அப்பத்தாவிடம் கற்றது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் போட்டுக் காசு வாங்க ஆரம்பித்தேன். கேட்கக் கூச்சப்பட்டுக் குறைவாகக் கேட்டேன். குறைவாகக் கேட்டதால் நிறையப் பேர் கூப்பிட்டார்கள். முகூர்த்த மாதங்களில் விடிகாலை மூன்று மணிக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழாகிவிடும். தேவகோட்டையில் ஒரு வீட்டில் புகைப்படக்காரர், படத்தில் எடுப்பாக இல்லை, நடுவில் மயில் போட்டு வண்ணப்பொடி தூவுங்கள் என்றார். நடுவீட்டுக் கோலத்தில் மயிலுக்கு இடம் கிடையாது. வீட்டுக்காரரும் அதையே சொல்ல, போட்டுவிட்டு வந்தேன். அந்தத் தைப்பொங்கலன்று என் வீட்டில் கோலம் போட எனக்குக் கை எழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டாள்.

காசு வாங்கியதால்தான் மனம் விட்டுப்போயிற்று என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. குறைவாக வாங்கியதும், என்ன கோலம் என்பதை அடுத்தவர் தீர்மானிக்க விட்டதும்தான் காரணம். பிறகு கூலியை மூன்று மடங்காக்கினேன். வருடத்துக்கு நான்கு வீடு, அப்பத்தா சொல்லிக்கொடுத்த கோலம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்றும் போடுகிறேன், சந்தோஷமாகப் போடுகிறேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 1,000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற வாசலை நீங்கள் தாண்டிவிட்டதால்தான் விளம்பரக் காசு வருகிறது. நீண்ட வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸ் என்கிற குறு வீடியோக்களுக்கு அது 45 சதவீதம். அதுவும் இசைக்கான செலவு போக, எல்லாரும் பங்கிடுகிற பொதுத் தொகையிலிருந்து வருவது. அந்த 2 லட்சம் பார்வைக்கு எத்தனை ரூபாய் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதும்படி இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். சேர்ந்த பணமும் 100 டாலர் ஆனால்தான் வங்கிக்கு வரும். மாதம் ஆயிரம் என்றால் முக்கால் வருடத்துக்கு ஒரு முறை. இதை நம்பி யாரும் வேலையை விடக் கூடாது. விட்டால், வீட்டு வாடகைக்காக அந்த வியாபாரியின் வாசலில் நீங்களே போய் நிற்பீர்கள். செல்போன் கடைச் சம்பளம்தான் இப்போது உங்கள் ஆர்வத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த 3,800 பேரைக் கவனியுங்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து ஒருவர் பல்சக்கரம் துடைப்பதைப் பார்க்கிறார்கள் என்றால், அவர்களில் பலர் வீட்டில் ஓடாத கடிகாரம் ஒன்று தொங்குகிறது. உங்களுக்கு அவர்கள் பார்வையாளர்கள். நான் அவர்களை வாடிக்கையாளர்களாகப் பார்க்கிறேன். வருமானம் வீடியோவில் இல்லை, வீடியோவைப் பார்த்துக் கூப்பிடுகிறவரிடம் இருக்கிறது. அவரிடம்தான் நீங்கள் ‘காசு எதற்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள்.

உங்கள் வேலை எவ்வளவு அரியது என்று நீங்களே ஒரு வீடியோவில் சொன்னீர்கள். அமெரிக்காவின் அன்சோனியா நிறுவனம் 1929-இல் தன் இயந்திரங்களைச் சோவியத் நாட்டுக்கு விற்றுவிட்டது. அந்தக் கடிகாரத்தில் ஒரு பல் உடைந்தால் எழுதிப் போட்டு வரவழைக்க முகவரி கிடையாது. ஜெர்மனியில் யுங்ஹான்ஸ் 1861-இல் தொடங்கி இன்றும் இருக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய சுவர்க் கடிகாரத்தின் வில் (ஸ்பிரிங்) அறுந்தால் காரைக்குடியில் அதைத் தொடத் தெரிந்த ஒருவர் தேவை. அச்சு தேய்த்து அகன்றுபோன ஓட்டைக்குப் புஷ் என்கிற பித்தளை வளையம் அடிக்கத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை? அந்தக் கை கூலி வாங்காவிட்டால் உங்களுக்குப் பிறகு யாரும் அதைக் கற்றுக்கொள்ள வரமாட்டார்கள். சோறு போடாத வித்தைக்கு எந்தப் பையன் வந்து உட்காருவான்?

ஒரு கடிகாரத்தைக் கழற்றி, கழுவி, பூட்டி, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அடுத்த மூன்று கடிகாரங்களுக்கு எழுதி வையுங்கள். கடையில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விழுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். பொருள் செலவு தனி. அதுதான் கூலி. சொந்தக்காரருக்கும் அதேதான். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறார்கள். அங்கெல்லாம் கடிகாரம் அழகுக்குத் தொங்குகிறது, பாதி ஓடுவதில்லை. வாரம் ஒரு முறை சாவி கொடுத்து, வருடத்துக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் விட்டுத் தருகிறேன், வருடக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இரண்டு விடுதி ஒப்புக்கொண்டாலே யூடியூப் தருவதைவிட அதிகம் வரும் என்பது என் கணிப்பு.

வீடியோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு போதும். உங்கள் மனைவிக்கு இது நீங்கள் கொடுக்கும் வாக்கு. பூட்டிய வீட்டில் எடுக்காதீர்கள். கடிகாரத்தை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து, பின்னால் ஒரு வேட்டியைக் கட்டிவிட்டு எடுங்கள். யார் வீட்டுக் கடிகாரம், எந்தத் தெரு என்பது எதற்கு? 50 வினாடி வீடியோக்களை விட வேண்டியதில்லை. விலைக்குப் பதிலாக வேலையைச் சொல்லுங்கள். ஊசலின் குண்டை மேலே ஏற்றினால் கடிகாரம் வேகமாகும், இறக்கினால் மெதுவாகும். சித்திரை வெயிலில் இரும்புக் கம்பி நீண்டு கடிகாரம் பின்தங்கும். வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தாமல் உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் கழற்றினால் விரல் போய்விடும். இவையெல்லாம் 50 வினாடிக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் எழுத்து வசனமும் சேருங்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பேரன் பேத்திகளுக்குத் தமிழ் கேட்கத் தெரிந்தாலும் ‘ஊசல்’ என்றால் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலையும் பொதுவாக இங்கிருப்பதைவிட அதிகம்.

வியாபாரியின் பேச்சை உங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவர் வருகிறார். இதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் போய் அதைச் சொல்லுங்கள். கூடவே, இனிக் கூலி வாங்கப் போவதையும் சொல்லுங்கள். விடுதிகளில் சாவி கொடுக்கும் வேலைக்கு அவரைவிட அனுபவமுள்ளவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

எங்கள் வீட்டுப் பட்டகசாலையில், அதாவது கூடத்தில், ஒரு கடிகாரம் இருக்கிறது. நேரம் சரியாகக் காட்டுகிறது; நான்கு மணிக்கு ஏழு அடிக்கிறது. என் மாமியார் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வந்து பார்க்க என்ன கூலி என்று பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். தொகையை எழுதாமல் ‘உங்களுக்கு எதற்கு அக்கா’ என்று எழுதினால், கடிகாரத்தைத் தொட விடமாட்டேன்.