காஜலின் மறுபக்கம் நின்றவள்

கேள்வி: நானும் என் சிநேகிதியும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிபவர்கள். அவள் எம்.சி. ரோடு பக்கம் ஒரு சந்தில் ஆரி வொர்க் பிளவுஸ் கடை வைத்திருக்கிறாள். சீட்டு எடுத்த பணத்தில் போன வருஷம் இரண்டு பேரும் சிங்கப்பூர் போய்வந்தோம். அங்கே செந்தோசாவில் மேடம் டுசாட்ஸ் மெழுகுச் சிலை மியூசியத்தில் காஜல் அகர்வால் சிலையோடு படம் எடுத்துக்கொண்டோம். அதை அவள் கடையில் பெரிதாக மாட்டிவிட்டாள். 'நெஜ காஜலா?' என்று கேட்பவர்களிடம் சிரிக்கிறாளே தவிர, இல்லை என்பதில்லை. இப்போது, 'நம்ம வொர்க்கைப் பார்த்து அசந்துட்டாங்க' என்றும் சேர்த்துக்கொண்டாள். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, 'காஜலுக்கே தைச்சுக் குடுத்தவங்களாமே, நீயும் கூடப் போனியாமே?' என்று என்னைக் கேட்டார். மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் பிழைப்பு கெடும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கமில்லை. இன்னொன்று, அந்தப் படத்தில் காஜலுக்கு மறுபக்கம் நானும் நின்றிருந்தேன். ஃபிரேம் போடும்போது என்னை வெட்டிவிட்டாள். அது பரவாயில்லை.

- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: 'அது பரவாயில்லை' என்று முடித்திருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் படம். அதை மாட்டியதில் ஒரு தப்பும் இல்லை. நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரிதான், ராயபுரம். எங்கள் மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். தீவுத்திடல் பொருட்காட்சியில் எம்.ஜி.ஆர். கட்டவுட்டின் தோளில் கை போட்டு எடுத்துக்கொண்ட படம் அவர் கடைச் சுவரில் கடைசிவரை தொங்கியது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள், 'வாத்தியார் இன்னா சொன்னாரு?' என்பார்கள். 'சைக்கிளை ஓவராயில் பண்ணிக்கச் சொன்னாரு' என்பார் மாமா. அட்டை என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது.

உங்கள் சிநேகிதி விஷயத்தில் ஒரு பக்கத்துக்கு அது ஆட்டம் என்றே தெரியவில்லை. போதாததற்கு அந்தப் பக்கம் அட்வான்ஸும் கொடுக்கப்போகிறது. 'காஜலோடு படம் எடுத்தேன்' என்பதை ஜம்பம் என்று விட்டுவிடலாம். 'காஜல் என் வொர்க்கைப் பார்த்தார்' என்பது அப்படியில்லை, அதை வைத்து ஒரு அம்மா கூலி பேசுவார். அதனால் படம் சுவரிலேயே இருக்கட்டும், அந்தப் பேச்சு மட்டும் நிற்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று குழம்பாதீர்கள். கடையில் ஆள் இருக்கும்போது வேண்டாம். வாட்ஸ்அப்பில் அறவே வேண்டாம். கடை சாத்துகிற நேரத்தில் போய் உட்கார்ந்து, 'இந்தம்மா என்கிட்ட கேட்டாங்க, உனக்காக நான் பொய் சொல்ல மாட்டேன், உன்னைக் காட்டியும் குடுக்க மாட்டேன், நீயே சரிபண்ணு' என்று சொல்லுங்கள். நேருக்கு நேராக அவ்வளவுதான். நீட்டி முழக்கினால் சண்டையாகிவிடும்.

'உண்மையைச் சொன்னா எவ வருவா?' என்று அவள் கேட்பாள். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஆரி ஊசி பிடிக்கிற பெண், அந்தச் சிலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, நடிகையைப் பார்த்ததாகப் பேசுகிறாளே! அந்தச் சிலைகளை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நம் தையல்காரர்கள் பிளவுஸுக்குப் பன்னிரண்டு அளவு எடுத்தால் அதிகம். அங்கே ஒரு ஆளுக்கு 250க்கு மேற்பட்ட அளவுகள் எடுக்கிறார்கள். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால் நிஜ ஆளைவிட 2 சதவீதம் பெரிதாக வடிக்கிறார்கள். துணி தண்ணீரில் சுருங்கும் என்று நாம் அரை இஞ்ச் விட்டு வெட்டுகிற அதே கணக்கு. தலையும் கையும்தான் மெழுகு, உடம்பு ஃபைபர் கிளாஸ். தலைமுடியை விக் மாதிரி மாட்டுவதில்லை, ஒவ்வொரு இழையாக ஊசியால் மெழுகில் செருகுகிறார்கள். ஒரு தலைக்கே ஏறக்குறைய 5 வாரம் ஆகும். கண்ணின் வெள்ளையில் தெரிகிற நரம்பு எது என்கிறீர்கள்? சிவப்புப் பட்டு நூல்! இதைச் சொல்ல எம்.சி. ரோட்டில் உங்கள் சிநேகிதியைவிடத் தகுதியான ஆள் யார்? ஜமிக்கியை ஒவ்வொன்றாகக் கோத்து முதுகு ஒடிகிறவள், 'இங்க பாருக்கா, இது மெழுகு, முடியை ஒண்ணொண்ணா ஊசியில ஏத்தினது, நான் உன் பொண்ணு பிளவுஸுக்குச் செய்யற மாதிரியே' என்று சொன்னால், கல்யாண வீட்டு அம்மா கூலியில் பேரம் பேசக்கூட யோசிப்பார்.

இந்த மியூசியத்தைத் தொடங்கிய மேரி டுசாடும் வித்தையைக் காட்டித்தான் பிழைத்தாள். 1802இல் இங்கிலாந்துக்கு வந்து, சிலைகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக 30 வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டு, 1835இல்தான் லண்டன் பேக்கர் தெருவில் நிலையாகக் கடை போட்டாள். 'அச்சு அசல் மாதிரியே இருக்கு' என்று சொல்லவைத்ததுதான் அவள் சம்பாத்தியம். 'மாதிரி'யை எடுத்துவிட்டால் அவளுக்கு அதில் என்ன பெருமை?

சிங்கப்பூர் சிலையைக் காஜலே வந்து 2020 பிப்ரவரியில் திறந்துவைத்தார். சிலைக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படங்கள் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. யாராவது ஒரு சின்னப் பெண் ஃபோனை எடுத்துத் தேடினால் முடிந்தது. கடையில் நாலு பேர் முன்னால் அது நடப்பதற்குள், படத்துக்குக் கீழே 'சிங்கப்பூர், மெழுகுச் சிலையுடன்' என்று ஒரு வரி ஒட்டச் சொல்லுங்கள்.

கல்யாணப் பெண்ணின் அம்மா மறுபடி கேட்டால், 'அது சிலைங்க, நானும் கூட இருந்தேன். ஆனா அவ கை வேலை நெஜம், என் பிளவுஸைப் பாருங்க' என்று காட்டுங்கள். அவள் தைத்த பிளவுஸ் உங்களிடம் இல்லாமலா இருக்கும்?

இனி அந்தப் 'பரவாயில்லை'. தூக்கம் கெட்டது பொய்யால் மட்டும்தானா? சீட்டுப் பணம் கட்டி, பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, கூடவே போன உங்களை நீக்கிவிட்டுச் சிலையை மட்டும் வைத்துக்கொண்டாள். வலிக்காமல் இருக்குமா? அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ஃபிரேம் கடைக்காரர், 'சைஸ் பத்தல, ஒரு ஆளைக் குறைச்சுக்கலாமா?' என்று கேட்டிருப்பார், இவளும் தலையாட்டியிருப்பாள். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு பொய்யைப் பற்றி மட்டும் பேசப் போனீர்களானால், நியாயம் பேசுகிற குரலில் கோபம்தான் வெளியே வரும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இதை முதலில் சொன்னாலும் சரிதான்.

முழுப் படம் உங்கள் ஃபோனில் இருக்குமே. பெரிய சைஸில் பிரின்ட் போட்டு, ஃபிரேமுக்கும் நீங்களே காசு கொடுத்து, கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆணி ஏற்கெனவே அடித்திருக்கிறது.