எப்போது எடுப்பார்கள்? வேலை தேடும் பட்டதாரிகளுக்குத் திருகோணமலையிலிருந்து சில பதில்கள்

நான் கலைப் பட்டதாரி. 2015இல் படிப்பு முடிந்தது. அரச வேலைக்கான பட்டதாரிப் பயிலுநர் கடிதம் கையில் கிடைத்தது 2020 செப்டெம்பரில், மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு. இடையில் போன ஐந்து வருடத்தைப் பற்றி என்னிடம் எதையும் கேட்கலாம். இப்போது திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலை தேடி வருபவர்கள் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். வேலை எடுத்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். சரி, கேளுங்கள்.

சாம்பல்தீவு, புவியியல் பட்டம், வயது 27: அக்கா, மூன்று வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறேன். தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் கொஞ்சம் ரியூசன், அப்பாவின் தோணிக் கணக்கு, அவ்வளவுதான். சீவீயில் இந்த மூன்று வருடத்தை எப்படி மறைப்பது?

மறைக்க வேண்டாம். "சும்மா இருக்கிறேன்" என்று எழுதிய அடுத்த வரியிலேயே இரண்டு வேலை சொல்லியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? வீட்டிலும் ஊரிலும் திரும்பத் திரும்பச் "சும்மா இருக்கிறான்" என்று கேட்டு, நாமும் அதை நம்பிவிடுகிறோம். எந்த வருடத்திலிருந்து, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், சாதாரண தரத்தில் எத்தனை பேர் சித்தி என்று எழுதுங்கள். தோணிக் கணக்கு என்றால் எண்ணெய்ச் செலவு, ஐஸ், பங்கு பிரிப்பு, முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது என்று எத்தனை இருக்கிறது! கணக்கு உதவியாளர் வேலைக்கு அது அனுபவம். பொய் மட்டும் எழுதாதீர்கள். இது சின்ன மாவட்டம். நேர்முகத்துக்கு இருக்கிறவருக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரிந்திருக்கும்.

அடுத்தது, புவியியல் படித்துவிட்டு வரைபட மென்பொருளைத் தொடாமல் இருப்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதை இறக்கி, மாரியில் உங்கள் ஊரில் எங்கெங்கே வெள்ளம் நிற்கிறது, 2004இல் சுனாமித் தண்ணீர் எந்த வீடு வரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு வரைபடம் போடுங்கள். இரண்டு மாத வேலை. அனர்த்த முகாமைத்துவத்தில் வேலை செய்யும் நிறுவனத்தின் மேசையில் அந்த ஒரு தாளை வைத்தால், மூன்று வருடம் என்ன செய்தாய் என்ற கேள்வி வராது. வந்தாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

நான் இதைச் செய்யவில்லை. முதல் இரண்டு வருடமும் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, வெட்டி, ஒட்டி வைத்தேன். அந்தக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது.

மூதூர்: அரசாங்கம் அடுத்த பட்டதாரி நியமனத்தை எப்போது தரும்?

எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். அரச பதவிகளுக்கான விளம்பரம் வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியில், அதாவது அரசின் அறிவித்தல் இதழில், இருக்கும், இணையத்தில் தமிழிலேயே வாசிக்கலாம். மாகாணப் பதவிகளுக்குக் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைப் பாருங்கள். வெள்ளி பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். மிச்ச நாட்களில் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள்.

கிண்ணியா, வணிக முகாமைத்துவம்: உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருக்கிறது. "கம்பஸ் முடித்தது சாவி கொடுக்கவா" என்கிறார் மாமா. போகலாமா அக்கா?

மாமா மாதாமாதம் சம்பளம் தருகிறாரா? தந்தால் யோசிக்கலாம்.

பகிடியை விடுவோம். போகுமுன் மூன்றைக் கேளுங்கள். நியமனக் கடிதம் எழுத்தில் உண்டா? ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? அதில் உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், முதலாளி 12 வீதம் போட வேண்டும்; அதற்குமேல் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் அவர்தான். ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டம் இருக்கிறது, அதற்குக் கீழே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது, சேர்விஸ் சார்ஜ் எப்படிப் பிரிக்கிறார்கள்? சீசனில் அது சம்பளத்தையே எட்டிப் பிடிக்கும் இடங்கள் உண்டு.

நம் கரையில் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு படுத்துவிடும். மாரியில் ஆளைக் குறைப்பார்கள். ஆகவே அந்த நாலைந்து மாதத்துக்கு இப்போதே திட்டம் வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டி உரிமம் கொடுக்கிறது; தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி என்று வகைகள் இருக்கின்றன. கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் புறாத்தீவையும் ஒரு வெள்ளைக்காரருக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் இந்த ஊரில் எத்தனை பேர்? ஆட்டோ அண்ணர்மார்தான் இப்போது வரலாறு சொல்கிறார்கள். சில கதைகளைக் கேட்டால் இராவணனே எழும்பி வந்து மறுப்பான்.

ஒன்று: "பாதுகாப்புக்கு" என்று சொல்லி மூலச் சான்றிதழை வாங்கி வைக்கும் முதலாளிகள் உண்டு. போட்டோக்கொப்பி மட்டும்.

நிலாவெளி: ஐரோப்பாவுக்கு விசிற் விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறலாம் என்று ஒரு ஏஜென்சி...

வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989இல் கோல் எடுத்து, அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே போய் வாங்குங்கள்.

தம்பலகாமம்: வேலையற்ற பட்டதாரிகள் பட்டியலில் போன வருடமே பதிந்துவிட்டேன். எப்போது எடுப்பார்கள்?

மேலே மூதூருக்குச் சொன்னதுதான். பட்டியல் என்பது ரேஷன் கடை வரிசை இல்லை, முதலில் பதிந்தவருக்கு முதலில் கிடைக்க. ஆள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வயதெல்லை, பட்டம் பெற்ற வருடம், பரீட்சை என்று புதிதாக நிபந்தனை போடுவார்கள்.

உவர்மலை, தமிழ் சிறப்புப் பட்டம்: சிங்களம் படிக்கச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தமிழ் படித்தவளுக்கு அது எதற்கு?

தமிழ் படித்தவளுக்குத்தான் அது காசு, தங்கச்சி. அரச வேலைக்குப் போனாலும் இரண்டாம் மொழித் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். அரசகரும மொழிகள் திணைக்களம் பரீட்சை வைக்கிறது. வேலை கிடைத்தபின் நாற்பது வயதில் உயிரெழுத்து எழுதிப் பழகுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதை விடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் மொழிபெயர்க்க அலைகிறார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்தால் அது வீட்டிலிருந்து செய்யும் தொழில், பக்கக் கணக்கில் காசு.

நான் கற்றது கந்தளாய் பஸ்ஸில், கொண்டக்டரிடம் மிச்சக்காசு கேட்டுச் சண்டை போட்டு. இலக்கணம் மோசம், ஆனால் எவரும் என்னை ஏமாற்ற முடியாது.

"வெயிலில் இருந்தவன்": அக்கா, ரியூசன் கொடு, சிங்களம் படி என்கிறீர்கள். உங்களுக்கு வேலை கிடைத்தது அதனாலா? 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் நாங்கள் நூறு நாளைத் தாண்டிச் சத்தியாக்கிரகம் இருந்ததால். இப்போது பிள்ளைகளைப் போராட வேண்டாம் என்கிறீர்கள்.

போராட வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நானும் அந்தத் தறப்பாளுக்குக் கீழே இருந்தவள்தான். கேட்காமல் எவரும் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே இருந்த நாட்களில் பக்கத்தில் இருந்தவளோடு நுண்ணறிவுக் கேள்வித்தாள் செய்து பழகியிருந்தால், இடையில் வந்த இரண்டு போட்டிப் பரீட்சையிலும் நான் விழுந்திருக்க மாட்டேன். வெயிலிலும் இருக்கலாம், படிக்கவும் செய்யலாம்.

சில்லறைக் கடை வைத்திருப்பவர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்க வேண்டும். உயர்தரத்தோடு நின்று பத்து வருடமாகக் கடை நடத்துகிறேன். பட்டதாரிக்கு மட்டும் அரசாங்கம் ஏன் வேலை தர வேண்டும்? என் வரியில் ஒரு மேசையில் நாலு பேர்.

ஒரு மேசையில் நாலு பேர் என்பது சில அலுவலகங்களில் உண்மை அண்ணா, மறைக்க மாட்டேன். நான் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கதிரையே இல்லை. ஆனால் 1945இலிருந்து இலவசக் கல்வி தந்து, கம்பஸுக்குப் போனால் உத்தியோகம் என்று மூன்று தலைமுறையை நம்பவைத்ததும் இதே அரசுதான். 1971இல் சர்வதேச தொழில் அமைப்பின் குழு ஒன்று டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்து அறிக்கை எழுதியது. படித்த பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் இருக்கும் வேலையும் பொருந்தவில்லை என்பதுதான் சாரம். அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்துவிட்டது! பிள்ளைகளைக் குற்றம் சொல்வது லேசு.

"வெயிலில் இருந்தவன்": கடைக்காரருக்கு அப்பா விட்ட கடை இருந்தது. எங்களுக்குத் தோட்டமும் இல்லை, தோணியும் இல்லை.

சில்லறைக் கடை வைத்திருப்பவர்: அப்பா விட்டது கடன் தம்பி. கடை நான் போட்டது. கணக்கெழுத ஆள் தேடி ஆறு மாதம். பட்டதாரிகள் இரண்டு பேர் வந்தார்கள், "கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எடுத்தால் போய்விடுவேன்" என்றார்கள். எடுக்கவில்லை.

இந்தக் கடைசி வரியை எல்லோரும் இரண்டு தடவை வாசியுங்கள். கூடவே அண்ணரிடம் ஒரு கேள்வி: சேமலாப நிதி கட்டுவீர்களா? கட்டினால் சாம்பல்தீவுத் தம்பியை அனுப்புகிறேன், தோணிக் கணக்கு எழுதுகிறவன். சண்டையை இதோடு நிறுத்துவோம், கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: நித்திரை இல்லை. கல்யாண வீடு, கோயில் எங்கும் போவதில்லை. "இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா" என்று கேட்பார்கள். சில நேரம் இருந்து என்ன என்று தோன்றுகிறது.

உங்களுக்கு வேலையைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கே 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணம் பலமாக வந்தால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, தனியே இருக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை, வெட்கமும் இல்லை. நான் 2018இல் போனேன். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு வருடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தவள் நான். மருத்துவர் முதலில் கேட்டது எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்றுதான். காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பி, வெயில் ஏறுமுன் கடற்கரையில் நடந்தேன். ஊர்க் கேள்விக்கு ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: "பார்த்துக்கொண்டிருக்கிறேன் மாமி, நீங்கள் சுகமா?" அதற்குப் பிறகு அவர் தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிவிடுவார். எனக்குத் தனியாக எழுதுங்கள். இன்றைக்கே.

திருக்கடலூர், ஒரு தாய்: மகள், என் மகன் பட்டம் முடித்துவிட்டு இப்போது வெல்டிங் பழகுகிறான். தடுக்கவா?

தடுக்காதீர்கள் அம்மா. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள்.

புல்மோட்டை: என் கணவருக்கு இடமாற்றம்...

என் பகுதி இல்லை. அவருடைய அலுவலக நிர்வாகக் கிளையில் கேளுங்கள்.

சம்பூர்: பட்டதாரிகளை எப்போது எடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை. வர்த்தமானி.

அலஸ்தோட்டம்: அக்கா, நீங்கள் சொன்னதை இப்போதுதான் வாசித்தேன். போன மாதம் ஒருவர் வேலைக்கென்று பட்டச் சான்றிதழ், ஏ.எல். சான்றிதழ் இரண்டையும் மூலமாகவே வாங்கிக்கொண்டு போனார். போன் எடுக்கிறார் இல்லை.

எத்தனை தடவை... சரி, நடந்தது நடந்துவிட்டது. முதலில் பொலிஸில் முறைப்பாடு, பதிவு இலக்கத்தை வாங்காமல் வரக்கூடாது. உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் திரும்ப எடுக்கலாம், அது கஷ்டமில்லை. பட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத வேண்டும், முறைப்பாட்டுப் பிரதியையும் வையுங்கள். காசும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் வங்கிச் சிட்டையைக் கொண்டுவாருங்கள். திங்கள் எட்டரைக்கு ஹாபர் பொலிஸ் வாசலில் நிற்பேன். தனியாகப் போக வேண்டாம். போட்டோக்கொப்பியாவது வைத்திருக்கிறீர்களா?