விஷ அம்பும் வேட்டைக் கோட்டாவும்: நமீபியாவின் நயே நயே பற்றிக் கேள்வி பதில்

நமீபியாவின் வடகிழக்கில், போட்ஸ்வானா எல்லையை ஒட்டிய கலஹாரி மணல் சவன்னாவில், ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது நயே நயே. சான் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான ஜுஹோன்சி மக்கள் அங்கே இன்றும் வில்லும் விஷ அம்பும் கொண்டு சட்டப்படி வேட்டையாடுகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: வனவிலங்கைக் காக்கிறோம் என்கிறார்கள், வேட்டைக்கும் அனுமதி தருகிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் ஐயா?

உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்க ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் பண்ணைகளில் நில உரிமையாளருக்கு வேட்டை விலங்குகள் மீது உரிமை இருந்தது. பொது நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு அது இல்லை. 1996-இல் வந்த சட்டத் திருத்தம் அந்த உரிமையை அவர்களுக்கும் நீட்டியது. அதற்கான அமைப்பின் பெயர் கன்சர்வன்சி. அதைப் பதிவு செய்ய எல்லை வரையறை, உறுப்பினர் பட்டியல், அமைப்பு விதிகள், தேர்ந்தெடுத்த குழு, வருமானத்தைப் பங்கிடும் திட்டம் எல்லாம் வேண்டும். பொது நிலத்தில் முதலில் பதிவானது நயே நயேதான், 1998-இல். காட்டுக்குள் வாழ்பவரைத் திருடராகப் பார்க்காமல் பொறுப்பாளராக ஆக்கிய இந்த மாற்றம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கேள்வி: அப்படியென்றால் யாரும் எதையும் அடிக்கலாமா?

கூடாது. யானை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, எறும்புத்தின்னி போன்றவற்றைத் தொடவே முடியாது. குடு மான், ஓரிக்ஸ் மான், வார்ட்ஹாக் பன்றி போன்றவைதான் சொந்த உணவுக்கான வேட்டையில் வருகின்றன.

கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு. வில், ஈட்டி, தடி மட்டுமே. துப்பாக்கி, நாய், குதிரை மூன்றுக்கும் தடை. நாய்க்கு ஏன் தடை என்று பலர் கேட்கிறார்கள். நாய்கள் சூழ்ந்தால் ஓரிக்ஸ் ஓடாது, கொம்பைத் தாழ்த்தி நின்று எதிர்க்கும். நின்ற இடத்திலேயே ஈட்டியால் குத்திவிடலாம். நாலு நாயும் ஒரு குதிரையும் இருந்தால் ஒரே நாளில் பல ஓரிக்ஸ் போய்விடும். வில்லோடு நடந்து போகிறவருக்கு அது நடக்காது. கருவியின் வேகம்தான் இங்கே முதல் காவல்.

கேள்வி: விஷம் எதிலிருந்து எடுக்கிறார்கள்? பாம்பா, செடியா?

இரண்டும் இல்லை, வண்டுப் புழு. டயாம்ஃபிடியா என்னும் வண்டு, வெள்ளைப்போளம் தரும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த புதர்களின் இலையைத் தின்று வளர்கிறது. அதன் புழு மண்ணுக்குள் இறங்கி, சில சமயம் ஒரு மீட்டர் ஆழம் வரை போய், மணலால் கூடு கட்டிக்கொள்கிறது. அங்கே மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட உறங்கிக் கிடக்கும். வேட்டைக்காரர்கள் புதரடியைத் தோண்டிக் கூட்டோடு எடுத்து வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது புது விஷம் கிடைக்க அதுதான் வழி.

தடவும்போது கூட்டை உடைத்துப் புழுவை எடுத்து, தோல் கிழியாமல் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டுவார்கள். உள்ளே எல்லாம் நீர்மமானதும் தலையைக் கிள்ளிவிட்டு அம்பின் மேல் பிதுக்குவார்கள். சிலர் செடிச்சாற்றோடு குழைத்தும் பூசுவதுண்டு. ஓர் அம்புக்குச் சுமார் 7 முதல் 10 புழு. பிறகு நெருப்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து உலர்த்த வேண்டும். நன்றாக உலர்ந்த விஷம் ஓராண்டு வரை வேலை செய்யும்.

முக்கியமான ஒன்று: முனையில் பூசவே மாட்டார்கள். முனைக்குப் பின்னால், நரம்பு சுற்றிய தண்டுப் பகுதியில்தான் பூச்சு. தவறிக் குத்தினாலும் முனையின் கீறலோடு போகட்டும் என்பதற்காக. இதற்கு மாற்று மருந்து இல்லை. கையில் புண் இருப்பவர் இந்த வேலையைத் தொடக் கூடாது.

கேள்வி: அந்த இறைச்சியைச் சாப்பிட்டால் நமக்கும் விஷம் ஏறாதா?

ஏறாது. அது ஒரு புரதம். இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும், வயிற்றுக்குள் போனால் தீங்கு செய்யாது. அம்பு பட்ட இடத்தைச் சுற்றியுள்ள சதையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பார்கள்.

கேள்வி: வில் மிகச் சிறியதாக இருக்கிறதே, பெரிய மானை எப்படி வீழ்த்துகிறது?

வில் வீழ்த்துவதில்லை. வில்லின் நீளம் ஒரு மீட்டர் அளவு, இழுவிசை 9 முதல் 10 கிலோ. தோலைத் துளைத்து விஷத்தை உள்ளே சேர்த்தால் போதும். அதனால் 25 மீட்டருக்குள் தவழ்ந்தாவது நெருங்க வேண்டும்.

அம்பு நான்கு துண்டுகளால் ஆனது: முனை, இணைப்புத் தண்டு, நாணல் வளையம், நாணல் உடல். இறகு கட்டுவதில்லை. முன்பு எலும்பு முனை, இப்போது பெரும்பாலும் வேலிக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கியது. பட்டவுடன் நாணல் உடல் கழன்று விழும், முனை உள்ளேயே நிற்கும். ஒரே துண்டாக இருந்தால் விலங்கு புதரில் உரசி அம்பை முழுதாகப் பிடுங்கிவிடும்.

கேள்வி: அடிபட்ட விலங்கு நாள் முழுக்கத் துடித்துச் சாகிறதே. இது கொடுமை இல்லையா?

துன்பம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. சிறு மான் சில மணி நேரத்தில் இறக்கும், குடு போன்றது ஒரு நாள்கூட எடுக்கலாம். வேட்டைக்காரர் உடனே துரத்த மாட்டார். துரத்தினால் அது வெகுதூரம் ஓடிவிடும். விழுந்த நாணலைப் பார்த்து முனை உள்ளே போயிற்றா என்று உறுதி செய்வார், அந்த ஒரு விலங்கின் குளம்படியை மனத்தில் பதித்துக்கொள்வார், முகாமுக்குத் திரும்பி மறுநாள் தடம் எடுப்பார்.

தவறுவது பல இடங்களில். முனை எலும்பில் பட்டு நின்றிருக்கலாம், விஷம் பழையதாகியிருக்கலாம். மழை தடத்தை அழிக்கும். அடிபட்டது மந்தையோடு கலந்துவிட்டால் அதன் குளம்படியைப் பிரித்தெடுக்க நல்ல தேர்ச்சி வேண்டும். எல்லாம் சரியாக நடந்தும் சிங்கமோ கழுதைப்புலியோ முந்திக்கொள்வதுண்டு. தோட்டாவின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மெதுவான சாவுதான். ஆனால் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் சாவின் எண்ணிக்கை பல மடங்காகும். நான் வில்லின் பக்கம் நிற்பது அதனால்தான்.

கேள்வி: இறைச்சி யாருக்குச் சேரும்?

எய்தவருக்கு அல்ல, அம்பின் சொந்தக்காரருக்கு. அவர்தான் பங்கு பிரிப்பார். அம்புகள் அன்பளிப்பாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். முதியவருடையதும் பெண்களுடையதும் எய்பவரின் தூணியில் கிடக்கும். அதனால் திறமைசாலி ஒருவரிடமே இறைச்சி குவிவதில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: 1960-களில் எல்லைக்கு அப்பால், போட்ஸ்வானாவின் டோபே பகுதியில் மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ செய்த ஆய்வில், உணவின் பெரும்பகுதி மொங்கொங்கோ கொட்டை முதலிய தாவரங்களிலிருந்தே வந்தது தெரிந்தது.

கேள்வி: எத்தனை விலங்கு மிச்சம் என்று எப்படித் தெரியும்? தோராயம்தானா?

இரண்டு வழிகள். ஒன்று, கிராம வனக்காவலர் கையிலிருக்கும் நிகழ்வுப் பதிவேடு. ரோந்தில் கண்ட விலங்கு, செத்தது, திருட்டு வேட்டை, யானை சேதம் எல்லாம் அன்றன்றே அதில் ஏறும். நமீபியா முழுக்கக் கன்சர்வன்சிகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. மற்றொன்று, வறண்ட பருவத்தின் இறுதியில் முழுநிலவை ஒட்டி நீர்நிலைகளில் 48 மணி நேரம் விழித்திருந்து எண்ணுவது. தண்ணீர் வேறெங்கும் இல்லாத காலம் என்பதால் விலங்குகள் அங்கே வந்தாக வேண்டும். எண்ணும் நேரத்துக்கு முன்பே மழை பெய்துவிட்டால் பள்ளங்களில் நீர் தேங்கி, வருகை குறைந்து, கணக்கு தாழ்வாகக் காட்டும். அதனால் ஓராண்டு எண்ணை மட்டும் வைத்துக் கோட்டாவை, அதாவது எத்தனை விலங்கை அடிக்கலாம் என்ற வரம்பை, மாற்றக் கூடாது, பல ஆண்டுப் போக்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பணக்கார வெளிநாட்டவரின் டிராபி வேட்டையும் அங்கே நடக்கிறதாமே?

கொம்பையோ தலையையோ நினைவுப்பொருளாக எடுத்துப்போகும் அந்த வேட்டை நடக்கிறது, தனிக் கோட்டாவில். வேட்டையை நடத்தும் நிறுவனம் கட்டும் தொகை கன்சர்வன்சிக்கு, இறைச்சி கிராமங்களுக்கு. காவலர் சம்பளம் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது. ஆனால் ஒரே வருமானத்தில் தொங்குவது ஆபத்து. 2020-இல் பயணங்கள் நின்றபோது நாடு முழுக்கக் கன்சர்வன்சிகள் தடுமாறின.

கேள்வி: பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் நிலை என்ன?

நேர் எதிர். மத்திய கலஹாரி காப்பகத்திலிருந்து சான் மக்களை வெளியேற்றினார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, சிறப்பு வேட்டை உரிமத்தை மறுத்ததும் சட்டவிரோதம் என்றது. ஆனாலும் உரிமம் கைக்கு வரவில்லை. 2014-இல் வந்த வேட்டைத் தடையும் வாழ்வுக்கான வேட்டையைச் சேர்த்தே முடக்கியது. 2019-இல் அந்தத் தடை நீங்கியது.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஓர் ஏற்பாடு சாத்தியமா?

இன்றைய சட்டத்தில் இல்லை. 2006 வன உரிமைச் சட்டமே வேட்டையாடும் மரபுரிமையை வெளிப்படையாக விலக்கிவிட்டது.

கேள்வி: இளைய தலைமுறை தடம் பார்க்கும் கலையைக் கற்கிறதா? அதற்கு மதிப்பு உண்டா அண்ணா?

மதிப்பு உண்டு, அதைச் சான்றிதழாக்கவும் வழி இருக்கிறது. லூயி லீபென்பெர்க் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய சைபர்டிராக்கர் தேர்வு களத்திலேயே நடக்கும், எழுத்துத் தேர்வு கிடையாது. எளிய தடத்தைச் சரியாகச் சொன்னால் 1 புள்ளி, கடினமானதற்கு 2, மிகக் கடினமானதற்கு 3. தவறினால் தலைகீழ்: எளியதைத் தவறவிட்டால் 3 போகும், மிகக் கடினமானதற்கு 1 தான் போகும். நயே நயேயில் இதில் தேறியவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் அங்கிருந்து மூன்று ஜுஹோன்சி தடம் காண்போர் பிரான்ஸ் போய், பனியுகக் குகைகளில் பதிந்த மனிதக் காலடிகளைப் படித்து, நடந்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன, எப்படி நடந்தார் என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர்கூட இந்தச் சான்றிதழைக் காட்டி வழிகாட்டி வேலையோ காவலர் வேலையோ கேட்க முடியும்.